கன்னிப்பூவுக்கு இரண்டு மதிப்பெண்

நான் எழுதிய பதினொரு புத்தகங்கள் கடைகளில் இருக்கின்றன. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. அட்டையைத் திருப்பினால் 'அனுபவமிக்க ஆசிரியர் குழுவால் தயாரிக்கப்பட்டது' என்று போட்டிருக்கும். அந்தக் குழு நான் ஒருத்திதான். சோறு வடித்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்காருகிற ஒருத்தி.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் நடத்தினேன். ஒவ்வொரு மே மாதமும் வேலை முடியும், ஒவ்வொரு ஜூனிலும் கூப்பிடுவார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் கல்லூரியைப் பூட்டினார்கள். திறந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போன் செய்தபோது, "மேடம், தமிழுக்கு இப்ப ரெண்டு பேரே போதும்னு மேனேஜ்மென்ட் சொல்லுது" என்றார்கள். யாரும் கோபப்படவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த என் சிவப்புப் பேனாக்களை வாங்கக்கூட நான் போகவில்லை.

கைடு எழுதும் வேலை அப்போதுதான் வந்தது. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அந்தப் பதிப்பகம் இருந்தது. நடத்தியவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். முதல் நாளே எனக்குத் தொழிலைச் சொல்லித் தந்தார்.

"டீச்சர், பிள்ளையள யோசிக்க வச்சிரப்பிடாது. யோசிச்சா பரீட்சையில நேரம் போயிரும். முன்னுரை, கவிஞர் சொல்லுகது, நயம், முடிவுரை. நாலு தலைப்பு, தலைப்புக்கு நாலு வரி. மனப்பாடம் ஆகணும், அம்புட்டுதான்."

எனக்கு அது சுலபமாக வந்தது. வகுப்பில் ஒரு கவிதையை இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தவள், இப்போது அதைக் கருவாட்டு மீனைப்போல் பிளந்து, குடலை எடுத்து, உப்புப் போட்டு நாலு தலைப்பில் காயவைத்தேன். நாளடைவில் கவிதை வாசிக்கும்போதே தலைப்புகள்தான் கண்ணில் தெரிந்தன. ஒரு நல்ல வரி வந்தால் பழையபடி உள்ளே ஒன்றும் அசையாது. 'இது நயத்தில் இரண்டாவது வரிக்கு ஆகும்' என்றுதான் தோன்றும்.

மூன்றாம் வருடம், கல்லூரி முதலாண்டுப் பொதுத்தமிழுக்கு ஒரு பாடத்தொகுப்பு வந்தது. தென்மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் அதையே வைத்திருந்தார்கள். அதில் ஒரு சின்னக் கவிதை, எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. கன்னிப்பூ முடிந்துவிட்ட வயலின் வரப்பில் ஒருத்தி நிற்கிறாள். நேற்றுவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர்கள் இன்று அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அடுத்த வேலைக்கு எத்தனை நாள் என்று எண்ணியபடி போகிறாள். அவ்வளவுதான் கவிதை.

நாஞ்சில் நாட்டில் வயலை மிதித்தவர்களுக்கு இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. இங்கே வருடத்துக்கு இரண்டு பூ. பூ என்றால் போகம். கன்னி மாதம் என்கிற புரட்டாசியில் அறுவடையாகிற நெல் கன்னிப்பூ, கும்ப மாதம் என்கிற மாசியில் அறுவடையாவது கும்பப்பூ. நான் பிறந்து வளர்ந்தது பூதப்பாண்டியில். பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதுவதற்கு முன்பே எனக்கு இந்த இரண்டு சொல்லும் தெரியும். நான்கு தலைப்பிலும் அதை ஒழுங்காக எழுதி, சொற்பொருளில் 'கன்னிப்பூ: நெல்லின் முதல் போகம்' என்று போட்டு அனுப்பினேன். நெடுநாளைக்குப் பிறகு ஒரு பாடத்தைச் சந்தோஷமாக எழுதினேன் என்றே சொல்லவேண்டும்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார்.

"டீச்சர், இந்தக் கன்னிப்பூவ ஒண்ணு பாக்கணுமே. நீங்க நெல்லுன்னு எழுதியிருக்கிய. வெளியூர்க் கைடுல கன்னிப் பெண்கள் சூடும் மலர்னுல்லா போட்டிருக்கு? காதலனப் பிரிஞ்சவ பூ வாடிப்போயி நிக்கியான்னு விளக்கம் குடுத்திருக்கானுவ."

"அவங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. நமக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? எங்க அப்பாவுக்கும் வயலு உண்டும். தெரிஞ்சது வேற, விக்கியது வேற. பிள்ளையளு ரெண்டு கைடையும் வச்சி ஒத்துப் பாப்பாவ. ஒண்ணுல பூவு, ஒண்ணுல நெல்லுன்னு கெடந்தா நம்மளதுதான் தப்புன்னு கடைக்காரன் கட்டோட திருப்பி அனுப்பிருவான். மாத்தித் தாங்க."

பத்து நிமிடம் வாதாடினேன். பத்து நிமிடம்தான். பிறகு கோப்பைத் திறந்து நெல்லை எடுத்துவிட்டுப் பூவை வைத்தேன். விளக்கத்தையும் அதற்கேற்பத் திருப்பினேன். வேலையில்லாமல் வரப்பில் நின்ற அந்தப் பெண்ணை என் கையாலேயே காதலனுக்காக ஏங்குகிறவளாக ஆக்கினேன். நன்றாகவே எழுதினேன். 'மலரின் வாட்டத்தில் மனத்தின் வாட்டத்தைக் காட்டும் கவிஞரின் திறம் போற்றத்தக்கது' என்ற வரி என்னுடையதுதான். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒனக்க பேரா போட்டிருக்கு? பெறவு என்ன?" என்றார்.

அடுத்த வருடம் ஒரு அக்கா தமிழ் படிக்க என்னைத் தேடி வந்தாள்.

அக்கா என்று நான் கூப்பிடுவேனே தவிர, அவளுக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். இராஜாக்கமங்கலத்துக்காரி. நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் கடைநிலை ஊழியர். மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது, காலையில் வகுப்புகளைத் திறந்துவிடுவது. நாற்பது வயதுக்குமேல் மாலைக் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. வரலாறு படித்திருந்தாள். பகலெல்லாம் பள்ளியில் நடந்துவிட்டு, சாயங்காலம் கல்லூரியில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாத் தாளும் தேறிவிட்டது, ஆங்கிலம்கூட. முதலாண்டுத் தமிழ் ஒன்று மட்டும் அரியராக நின்றது. அந்தத் தேர்வின்போது அவள் தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தார்களாம். எழுதப் போகவேயில்லை. இப்போது அதை அந்தப் புதுப் பாடத்தொகுப்பிலிருந்துதான் எழுதவேண்டும்.

"ஸ்கூல்ல லைப்ரரியில ஒரு எடம் காலியாவுது டீச்சர். டிகிரி இருந்தா எனக்குத் தாறேன்னு தாளாளர் வாயால சொல்லியிருக்காரு. ஜூனுக்குள்ள சர்ட்டிபிகேட்டு காட்டணும். இந்த ஒத்தப் பேப்பருதான். நீங்க சொல்லித் தருவியளா?"

சனிக்கிழமை மத்தியானங்களில் வடசேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வருவாள். செருப்பை வாசலில் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டையும், மகளுடைய பழைய பென்சில் டப்பாவையும் எடுப்பாள். அவளுக்குப் பாடம் நடத்துவது என் கையில் திரும்ப உயிர் வந்ததுபோல் இருந்தது. கேள்வி கேட்பாள். "இந்தாளு ஏன் இப்பிடிச் சொல்லுகாரு?" என்று எழுதியவரோடு சண்டைக்குப் போவாள். ஒன்பது வருடத்தில் என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்ததில்லை.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அவள் பையிலிருந்து கைடு ஒன்றை எடுத்தாள். நீல அட்டை. நான் எழுதியதேதான்.

"டீச்சர், இதுல ஒரு தப்பு கெடக்கு பாத்தியளா?" பக்கத்தை மடித்தே வைத்திருந்தாள். "கன்னிப்பூன்னா கன்னிப்பொண்ணுவ தலையில வைக்கிய பூவாம்! நானும் எங்க அம்மையும் எத்தன கன்னிப்பூ அறுத்திருக்கோம். ஒரு பூவும் தலையில வச்சதில்ல." விழுந்து விழுந்து சிரித்தாள். "இத எழுதினவன் வயல்ல கால வச்சிருக்க மாட்டான் டீச்சர்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் முகம் பிடிக்காமல் போகிறது. 'எழுதியது நான்தான் அக்கா' என்று சொல்ல அங்கேயே நேரமிருந்தது. அவள் சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை நேரமிருந்தது. சொல்லவில்லை.

"பரிச்சையில வந்தா எத எழுதணும் டீச்சர்? புக்குல உள்ளதயா, உள்ளத உள்ளபடியா?"

கைடு எழுதுகிறவளுக்கு இதற்கு விடை தெரியும். திருத்துகிறவர் கையில் என்ன இருக்கிறதோ அதை எழுதச் சொல்லவேண்டும். ஆனால் நான் அப்போது கைடு எழுதுகிறவளாகப் பேசவில்லை. என் குற்றத்தைக் கழுவிக்கொள்ள எனக்கு ஒரு கை கிடைத்திருந்தது.

"சரியானத எழுதுங்க அக்கா. தெரிஞ்சிக்கிட்டே தப்ப எழுதப்பிடாது."

"அதான் நானும் நெனச்சேன்" என்றாள்.

ஏப்ரலில் தேர்வு எழுதினாள். அன்று மாலையே போன் வந்தது. கன்னிப்பூ பத்து மதிப்பெண் கேள்வியாக வந்திருந்தது. "மூணு பக்கம் எழுதினேன் டீச்சர். நடவுலேருந்து அறுப்பு வர எழுதினேன். பூ முடிஞ்சா கூலிக்காரிக்கு அடுப்பு எப்பிடிக் கெடக்கும்னு எழுதினேன். பேப்பர வாங்க வந்த சாரு, போதும் குடுங்கம்மான்னு பிடுங்கினாரு." அவள் குரலில் இருந்த குதூகலத்தை நான் எனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

முடிவு வந்தது. மூன்று மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள்.

அவள் அழவில்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கி, அதைச் சுருட்டாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் பிரித்துப் பார்த்தேன். ஒப்பேற்றுகிற மாதிரி எழுதிய மற்ற விடைகளுக்கெல்லாம் பாதிக்குமேல் போட்டிருந்தார்கள். கன்னிப்பூவின் மூன்று பக்கத்தையும் குறுக்கே ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் 'பொருள் பிழை' என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டிருந்தார்கள். அந்த மூன்று பக்கம், நான் எம்.ஏ. படித்த காலத்திலிருந்து எந்தக் கவிதைக்கும் வாசித்திராத விளக்கம். 'கதிரெல்லாம் களத்துக்குப் போன பிறகு வயல் பார்க்கப் பிள்ளை பெற்ற வயிறு மாதிரி இருக்கும்' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தாள். அந்த வரியின்மேல் ஓடிய கோடுதான் இருப்பதிலேயே அழுத்தமாக இருந்தது.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு. நான் போயிக் கேக்கேன்" என்றேன்.

மறுநாள் அந்த மாலைக் கல்லூரிக்குப் போனேன். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் கேள்வித்தாளும் திருத்துவதும் அங்கேயேதான். அங்கே தமிழ்த்துறையைப் பார்த்துக்கொண்டவர் முன்பு என்னோடு வேலை பார்த்தவர்தான். உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். நகலைக் காட்டினேன். ஒரு நிமிடம் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க மேடம். ஆனா கீயில இப்பிடி இல்லியே" என்றார். விடைக்குறிப்பைத்தான் கீ என்பார்கள். கணினியில் திறந்து என் பக்கமாகத் திருப்பினார். நான்கு தலைப்பு, தலைப்புக்கு நான்கு வரி. மலரின் வாட்டத்தில் மனத்தின் வாட்டத்தைக் காட்டும் கவிஞரின் திறம் போற்றத்தக்கது.

"இது எங்கேருந்து எடுத்தது சார்?"

"கைடுலேருந்துதான். எத்தன பேப்பருக்கு நான் ஒருத்தன் கீ எழுத முடியும்? சொல்லுங்க."

"சார், ஒங்களுக்குக் கன்னிப்பூன்னா என்னன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். எங்க வீட்டுல வயலு வச்சிருந்தோம்லா. இப்பதான் பிளாட்டு போட்டு வித்தாச்சு." கொஞ்சம் தயங்கினார். "திருத்தினது நம்மட்டப் புதுசா வந்த ஒரு பொண்ணு. அது கீயப் பாத்துத்தான திருத்தும்?"

அப்போதுதான் சொன்னேன். "அந்தக் கைட எழுதினது நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்ப நீங்க எழுதினதத்தான நாங்க கீயா வச்சிருக்கோம்? பெறவு எங்கள்ட்ட வந்து தப்புன்னு சொன்னா எப்பிடி மேடம்?"

மறுமதிப்பீட்டுக்குப் போடலாம், ஆனால் அதுவும் இதே கீயை வைத்துத்தான் என்றார். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெல் என்று முதலில் எழுதியதை, அண்ணாச்சி கூப்பிட்டதை, நான் மாற்றியதை, அவள் சிரித்த அன்று நான் வாயை மூடிக்கொண்டதை. சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது நீங்கதானா" என்றாள்.

"என்ன மன்னிச்சிருங்க அக்கா."

"மன்னிக்கியது இருக்கட்டும் டீச்சர். நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா நான் புக்குல உள்ளத எழுதியிருப்பேன்லா?" குரலை உயர்த்தவேயில்லை. "கன்னிப்பூன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அதக் கேக்கவா ரெண்டு பஸ்ஸு மாறி ஒங்கள்ட்ட வந்தேன்? என்னத்த எழுதினா பாஸாவும்னு கேக்கத்தான் வந்தேன். அது ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. நீங்க சொல்லல்ல."

பென்சில் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். விடைத்தாள் நகலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்துபோனதாக நினைத்துப் படி வரை ஓடினேன். "எனக்கு என்னத்துக்கு? நீங்களே வச்சிக்கிடுங்க" என்றாள்.

மறுமதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் ஏறியது. போதவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது நூலக இடத்தில் தாளாளரின் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாளாம். அவளும் வரலாறுதானாம். இதை அந்த அக்கா சொல்லவில்லை, அதே பள்ளியில் வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை சொன்னாள். "காலையில லைப்ரரியத் தெறந்து விட்டு, சன்னலெல்லாம் தட்டி வைக்கியது மணி அடிக்கிய அந்த அக்காதான். பெறவு அந்தம்மா வந்து உக்காரும்." சாதாரணமாகத்தான் சொன்னாள், அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

நான் அண்ணாச்சியின் மாடிக்குப் போனேன். அடுத்த பதிப்பிலாவது நெல்லைப் போட்டுவிடவேண்டும், இல்லையென்றால் இனி எழுதமாட்டேன் என்று படி ஏறும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வருத்தப்படக்கூடச் செய்தார்.

"பாவம்தான் டீச்சர். ஆனா இப்ப காலேஜுல கீயே நம்ம புத்தகத்தப் பாத்துத்தான் போடுகானுவன்னு நீங்களே சொல்லுகிய. இப்பப் போயி நெல்லுன்னு மாத்தினா, நம்ம புக்க வாங்கிப் படிச்ச பிள்ளையளுக்குல்லா மார்க்கு போவும்? இன்னும் எத்தன பேர நீங்க தோக்க வைக்கணும்?"

அதில் பிழை கண்டுபிடிக்க முயன்றேன். அன்று முடியவில்லை. இன்றைக்கும், அது பிழை என்று தெரிகிறதே தவிர, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இனி எழுதமாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். அடுத்த கைடுக்காக ஒன்பதாம் வகுப்புப் பாடத்தின் அச்சுப்படிகளை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

நவம்பர் தேர்வு முடிந்து, முடிவும் வந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. அவள் எண். எடுப்பதா வேண்டாமா என்று இரண்டு தடவை மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாஸாயிட்டேன் டீச்சர். சொல்லணும்னு தோணிச்சு."

"ரொம்ப சந்தோஷம் அக்கா." பிறகு கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன். "அந்தக் கவிதை வந்துதா?"

"வந்துது. பூவுன்னே எழுதினேன். வரி மாறாம எழுதினேன்." பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இன்னா வாறேன்" என்று அங்கே குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "ஒங்க எழுத்து நல்லா இருக்கு டீச்சர். மனப்பாடம் பண்ணச் சுளுவா இருந்துது."

கேலி செய்கிறாளோ என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். இல்லை. மனதாரத்தான் சொன்னாள். மணி அடிக்க நேரமாயிற்று என்று போனை வைத்தாள். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.